ஒலிவ மலையில் ஒரு மனு

வாக்குத்தத்த பூமி – பகுதி 6

மிசூரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் 1838 அக்டோபர் 27 அன்று பிறப்பித்த ஆணையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். மோர்மன்களைப் பகைவர்களாகவே நடத்த வேண்டும். ஒன்று அழித்தொழிக்க வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தைவிட்டே துரத்த வேண்டும் என்றது அது. மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் அந்தக் குளிர்காலத்தில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு மிசிசிப்பியைக் கடந்து இலினாய் மாநிலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். கரையோரச் சதுப்பில் நாவூ என்ற ஊர் முளைத்தது.

சென்ற வாரம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட ஒரு பெயர் உண்டு. ஆளுநரின் ஆணைக்கு மூன்று நாள் முன்னால் ரிச்மண்ட் என்ற ஊரில் ஒரு பிரமாண வாக்குமூலம் பதிவானது. மோர்மன் சபையின் பன்னிரு அப்போஸ்தலர்களுக்குத் தலைவராயிருந்த தாமஸ் மார்ஷ், சபையின் நிறுவனரும் தீர்க்கதரிசியுமான ஜோசப் ஸ்மித்தின் மேல் குற்றங்களை அடுக்கியிருந்தார். அதை ஆமோதித்துக் கீழே கையெழுத்திட்டவர் இன்னோர் அப்போஸ்தலர். ஆர்சன் ஹைட். மோர்மன்கள் மீதான பீதிக்கு அந்தத் தாள் எண்ணெய் வார்த்தது. அதிலிருந்த தேதி 1838 அக்டோபர் 24.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1841இல், அதே அக்டோபர் 24. ஜெருசலேமின் வாசல்கள் திறந்ததும் திறக்காததுமாக அதே ஆர்சன் ஹைட் நகரத்தைவிட்டு வெளியேறி ஒலிவ மலை ஏறினார். யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும், தனி அரசு வேண்டும் என்று கடவுளிடம் எழுத்து மூலமாகக் கேட்டார். தியோடர் ஹெர்ஸலின் ‘யூத அரசு’ என்ற நூல் வெளிவர இன்னும் 55 ஆண்டுகள் இருந்தன.

* * *

ஒரு மத நம்பிக்கை ஒரு மனிதரின் அரசியலை எப்படி வடிக்கிறது என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எளிமையானது. பைபிளில் யூதர்கள் தம் நாட்டுக்குத் திரும்புவார்கள் என்று எழுதியிருக்கிறது. ஹைட் பைபிளை நம்பினார். ஆகவே யூத அரசை ஆதரித்தார். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஏசாயாவையும் எரேமியாவையும் எசேக்கியேலையும் நம்பிய கோடிக்கணக்கான கிறிஸ்தவர்கள் பதினெட்டு நூற்றாண்டுகளாக இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வசனங்களை உருவகமாக வாசித்தார்கள்: இஸ்ரவேல் என்றால் திருச்சபை, சீயோன் என்றால் பரலோகம். வசனம் எல்லோருக்கும் பொது. அதை வரைபடத்தில் இருக்கும் ஒரு நிலத்துக்கும், அரசர்களும் கப்பல்களும் வேண்டியிருக்கும் ஓர் ஏற்பாட்டுக்கும் கொண்டுவந்து இறக்குவதற்கு வேறொன்று தேவைப்பட்டது.

மோர்மன்களிடம் அது இருந்தது. அவர்கள் நம்பிக்கையின் முதுகெலும்பு ‘கூட்டிச்சேர்த்தல்’. கடைசி நாட்களில் கடவுளின் மக்கள் மனத்தளவில் ஒன்றுபட்டால் மட்டும் போதாது; ஓரிடத்தில் உடலோடு வந்து கூட வேண்டும். 1831இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த ஒரு வெளிப்பாடு இரண்டு இடங்களைச் சொன்னது. புறஜாதியாரிடையே இருப்பவர்கள் சீயோனுக்கு ஓட வேண்டும். யூதா கோத்திரத்தார் ஜெருசலேமுக்கு ஓட வேண்டும். சீயோன் என்பது அமெரிக்கக் கண்டத்திலேயே எழப்போகும் நகரம். ஆக இரண்டு தலைநகரங்கள். மோர்மன்கள் தங்களைப் பெரும்பாலும் இஸ்ரவேலின் இன்னொரு கோத்திரமான எப்பிராயீமின் வழித்தோன்றல்களாகக் கருதினார்கள். அதனால் யூதர்கள் அவர்களுக்கு உடன்பிறப்புக் கோத்திரத்தார். ஹைட் சபைக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே ஸ்மித் அவருக்குக் கொடுத்த ஆசீர்வாதத்தில் ஜெருசலேமை ‘உன் பிதாக்களின் தேசம்’ என்ற பொருளில் குறிப்பிட்டார். கனெக்டிகட்டில் 1805இல் பிறந்து, சிறு வயதில் தாயை இழந்து, கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்த ஒரு கிராமத்து அமெரிக்கருக்கு இந்த உறவுமுறை சாதாரணமான செய்தி அல்ல.

அதன்பின் 1836. ஒஹாயோ மாநிலத்து கர்ட்லண்டில் ஜோஷுவா செய்ஷஸ் என்ற ஆசிரியரை வரவழைத்து மோர்மன் மூப்பர்கள் எபிரேயம் கற்றார்கள். நன்றாகத் தேறிய மாணவர்கள் பட்டியலில் ஹைடின் பெயரும் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் கர்ட்லண்ட் ஆலயப் பிரதிஷ்டை ஜெபத்தில் யூதாவின் பிள்ளைகள் தம் நிலத்துக்குத் திரும்பத் தொடங்கட்டும் என்ற வேண்டுதலும் இருந்தது. அடுத்த வாரமே, இஸ்ரவேலைக் கூட்டிச்சேர்க்கும் திறவுகோல்களை மோசே தங்களிடம் ஒப்படைத்ததாக ஸ்மித்தின் குறிப்பேட்டில் பதிவானது. இவ்வளவும் இறையியல். இது மட்டுமே ஹைடை ஒலிவ மலைவரை கொண்டுபோயிருக்கும். ஆனால் அங்கே அவர் கேட்டதைக் கேட்கவைத்திருக்காது.

* * *

இங்கே வாஷிங்டனுக்குப் போக வேண்டும்.

1839 நவம்பர் கடைசியில் ஜோசப் ஸ்மித் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனின் வாசலில் போய் நின்றார். மிசூரியில் பறிபோன நிலம், எரிந்த வீடு, செத்த மனிதர்கள் ஆகியவற்றுக்கான பிரமாணங்கள் கட்டுக்கட்டாகத் திரட்டப்பட்டிருந்தன. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று வான் பியூரன் கைவிரித்ததாக மோர்மன்களின் பதிவு சொல்கிறது. மனு செனட்டுக்குப் போனது. 1840 மார்ச்சில் செனட்டின் நீதிக் குழு, இதை மிசூரியிடமே முறையிட்டுக்கொள்ளுங்கள் என்று கைகழுவியது. துரத்திய மாநிலத்திடமே போய் நியாயம் கேட்கச் சொன்னார்கள்!

அதே மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு ஹைட் தூங்கப் போனார், தூக்கம் வரவில்லை. ஆறு மணி நேரம் நீடித்த ஒரு தரிசனத்தில் லண்டன், ஆம்ஸ்டர்டாம், கான்ஸ்டாண்டிநோபிள், ஜெருசலேம் என்று நான்கு நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின என்று அவர் எழுதினார். ஆபிரகாமின் பிள்ளைகள் அந்த நகரங்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் போ என்பது செய்தி. அந்த வாக்குமூலத்துக்காக மன்னிப்புக் கேட்டு 1839 ஜூனில் பன்னிருவரில் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்த அவரை, 1840 ஏப்ரல் மாநாடு ஜெருசலேமுக்கு அனுப்பத் தீர்மானித்தது. துணைக்கு ஜான் பேஜ் என்ற இன்னோர் அப்போஸ்தலர். பேஜ் அமெரிக்காவைத் தாண்டவே இல்லை. ஹைட் தனியாகத்தான் ஜெருசலேம் சேர்ந்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், இலினாய் சட்டமன்றம் நாவூ நகரத்துக்கு ஒரு சாசனம் வழங்கியது. தனி நகர்மன்றம், தனி நீதிமன்றம், தனிப் படை, பல்கலைக்கழகம்வரை அதில் இடமிருந்தது. மிசூரியில் வெறும் விசுவாசத்தோடு கூடியவர்கள் சிதறடிக்கப்பட்டார்கள். இலினாயில் சாசனத்தோடு கூடியவர்கள் ஊர் எழுப்பினார்கள். கூட்டிச்சேர்த்தலுக்குக் கடவுளின் வாக்கு அடித்தளம் என்றால், அரசின் முத்திரை சுவரும் கூரையும். ஹைட் 1841 பிப்ரவரியில் நியூயார்க்கில் கப்பல் ஏறியபோது இந்தப் பாடம் அவர் சமூகத்தின் எலும்புவரை இறங்கியிருந்தது. அவருடைய யூத அரசுக் கொள்கையின் ஊற்று இதுதான் என்பது என் வாதம். யூதர்கள் எங்கே கூட வேண்டும் என்பதை அவருக்கு மறைநூல் சொன்னது. கூடினால் மட்டும் போதாது, ஆட்சி வேண்டும் என்பதைச் சொன்னது மிசூரி.

* * *

பயணத்தை விரைவாகவே கடக்கலாம். லண்டனில் தலைமை ரபி சாலமன் ஹிர்ஷலைச் சந்திக்க முயன்றார். ரபி விபத்தில் அடிபட்டிருந்ததால் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். ரெகன்ஸ்பர்க்கில் தங்கி ஜெர்மன் கற்றார். ஸ்மிர்னாவிலிருந்து பெய்ரூட்டுக்குப் போகும் வழியில் காற்று செத்துக் கப்பல் அசையாமல் நின்றுவிட்டது. சில நாளில் முடிய வேண்டிய பயணம் வாரக்கணக்கில் இழுத்தது, உணவு தீர்ந்தது. ஆளில்லாத தீவுகளின் பாறைகளிலிருந்து நத்தைகளைப் பொறுக்கித் தின்றார். நத்தை தின்பது பெரிய கஷ்டமில்லை, வயிறு நிறையக் கிடைக்காததுதான் கஷ்டம் என்று எழுதினார்.

ரோட்டர்டாமில் மட்டும் சற்று நிற்க வேண்டும். அங்கே ஒரு யூத ரபியிடம் ஹைட் மூன்று கேள்விகள் கேட்டார். மேசியா வானத்திலிருந்து நேரே வருவாரா, பெண்ணின் வயிற்றில் பிறப்பாரா? தாவீதின் வம்சத்தில், பெண்ணுக்குப் பிறப்பார் என்றார் ரபி. எப்போது? நெடுநாளாக எதிர்பார்க்கிறோம், இப்போதும் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தே வாழ்கிறோம். உங்கள் இனம் மூதாதையர் நிலத்துக்குத் திரும்பும் என்று நம்புகிறீர்களா? இதற்கு வந்த பதில் நீளமானது. பலர் திரும்புவார்கள், நகரத்தையும் ஆலயத்தையும் மீண்டும் கட்டுவார்கள். ஜெருசலேம் எங்கள் இனத்தின் தலைநகராக, எங்கள் இருப்பின் கொடியாக இருக்கும். ஆனால் யூதர்கள் எல்லோரும் அங்கே போய்விடுவார்கள் என்று நாங்கள் நம்பவில்லை. அத்தனை பேருக்கு அங்கே இடம் போதாது. ஹைட் இதை அப்படியே தன் கடிதத்தில் எழுதி அனுப்பினார். மறுப்போ திருத்தமோ சேர்க்கவில்லை. ஓர் இனம் தன் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அந்த இனத்தாரிடமே கேட்ட கிறிஸ்தவப் போதகர் அந்தக் காலத்தில் அரிது.

* * *

அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை. விடிய இன்னும் நேரமிருக்கும்போதே எழுந்தார். கோட்டைவாசல் திறந்ததும் வெளியே வந்து, கீதரோன் ஓடையைக் கடந்து மலை ஏறினார். கையில் பேனா, மை, தாள். தரிசனத்தில் கண்டபடியே அங்கே உட்கார்ந்து எழுதினார்.

அந்த ஜெபத்தை ஒரு மனுவாக வாசித்துப் பார்க்க வேண்டும். புறஜாதியாரால் நெடுங்காலம் மிதிக்கப்பட்ட நகரத்தை மீண்டும் கட்டுவதற்காகவும், சிதறிய யூதாவைச் சேர்ப்பதற்காகவும் நிலத்தை அர்ப்பணிக்கிறார். மலட்டு மண் விளையட்டும், ஊற்றுகள் பெருகட்டும் என்கிறார். அடுத்து முன்னுதாரணம் காட்டுகிறார்: பாரசீக அரசன் கோரேசின் மனத்தை ஏவி ஜெருசலேமுக்குத் தயவு காட்டச் செய்தவர் நீரல்லவா? இப்போதும் பூமியின் அரசர்களையும் வல்லமைகளையும் அதேபோல ஏவும். தேசங்களின் பெரிய கப்பல்கள் அவர்களைச் சுமந்து வரட்டும். பிறகு கோரிக்கையின் உச்சம்: அவர்களைத் தனி இனமாகவும் தனி அரசாகவும் நிறுவி, தாவீதின் வழிவந்த ஒருவரை அரசராக்கும். உதவும் நாடு தழைக்கட்டும், மறுக்கும் நாடு அழியட்டும். இடையில், முகமறியாத ஒருவருக்கும் ஒரு வேண்டுதல்: ஜெருசலேமில் எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லித் தங்கம் கொடுத்தனுப்பிய பிலடெல்பியாக்காரர். மறக்காமல் அவரையும் சேர்த்துக்கொண்டார். ஜெபம் முடிந்ததும் சாட்சிக்கு ஒரு கற்குவியல் எழுப்பினார்.

கோரேசைக் கொண்டுவந்த இடம்தான் திருப்பம். அற்புதம் ஒன்றால் யூதர்கள் திரும்ப வேண்டும் என்று ஹைட் கேட்கவில்லை. ஆட்சியாளர் ஒருவரின் ஆணையால் திரும்ப வேண்டும் என்று கேட்டார். பின்னர் எழுதிய கடிதத்தில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: யூத இனம் அரசியல் பலத்தால் உடைக்கப்பட்டது, அரசியல் பலத்தாலேயே அது மீண்டும் சேர்க்கப்படும், இங்கிலாந்துதான் இந்தக் காரியத்தில் முன்னணியில் நிற்கும். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவு அறிவித்த பால்ஃபர் பிரகடனத்துக்கு 76 ஆண்டுகள் முன்னால் எழுதப்பட்ட இந்த வரியைக் காட்டி மெய்சிலிர்ப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதிலிருக்கும் தீர்க்கதரிசனத்தைவிட, அதற்கு அடியிலிருக்கும் கசந்த அனுபவம்தான் கண்ணில் படுகிறது. ஆளுநரின் ஒரு தாளால் உடைந்த சமூகத்தின் ஆள் எழுதிய வரி அது.

* * *

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது வலுவானது: ஹைட் சொன்னதில் புதிது என்ன? 1840 ஆகஸ்டிலேயே பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன், யூதர்களைப் பாலஸ்தீனத்தில் குடியேற ஊக்குவிப்பது ஒட்டோமான் சுல்தானுக்கு நல்லது, எகிப்தின் முகமது அலிக்கு ஒரு தடுப்பாகவும் இருக்கும் என்று கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த தன் தூதருக்கு எழுதிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்று தூண்டியவர், பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவான ஆஷ்லி. ஹைட் மாதக்கணக்கில் இங்கிலாந்தில் இருந்தவர். அந்தக் காற்றை அவரும் சுவாசித்திருப்பார். இங்கிலாந்தை அவர் சுட்டியதற்கு அந்தப் பேச்சுகள் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு திட்டங்களின் உள்ளடக்கமும் வேறு. ஆங்கிலேய பக்தர்களின் திட்டத்தில் யூதர் திரும்புவதும் யூதர் மதம் மாறுவதும் ஒட்டிப் பிறந்தவை. அவர்கள் அனுப்பிவைத்து 1842 ஜனவரியில் ஜெருசலேம் வந்து சேர்ந்த முதல் புராட்டஸ்டண்ட் பிஷப் மைக்கேல் சாலமன் அலெக்சாண்டர், மதம் மாறிய முன்னாள் ரபி. யூதர்கள் பாலஸ்தீனத்தில் குடியேறுவதை விரும்பிய அதே ஆஷ்லி, 1847இல் அவர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்காருவதை எதிர்த்தார். ஹைடோ ஜெருசலேமில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, சபை நிறுவவில்லை, எழுதினார், கல் அடுக்கினார், திரும்பினார். இரண்டு தலைநகரங்கள் என்ற கோட்பாட்டில் யூதா யூதாவாகவே ஜெருசலேமுக்குப் போக இடமிருந்தது.

மதமாற்றத்தை மோர்மன்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. யூதர்கள் கிறிஸ்துவை நம்பத் தொடங்கும்போதே கூட்டிச்சேர்க்கப்படுவார்கள் என்று மோர்மன் புத்தகம் சொல்கிறது. ஹைடின் ஜெபமும் அவர்களுடைய அவிசுவாசத்தைக் கடவுளின் தயவு வெல்லட்டும் என்று கேட்கத்தான் செய்தது. அவர் மாற்றியது வரிசையை: முதலில் நிலம், அரசு, மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். அரசியலில் வரிசை மாறினால் எல்லாமே மாறும்.

ஹைடுக்கு இது பிராயச்சித்தம்தானே, கொள்கை எங்கே வந்தது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தேதி ஒற்றுமை அப்படிக் கேட்கத் தூண்டும். காட்டிக்கொடுத்தவன் என்ற கறையைக் கழுவ ஒருவர் எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்பது உண்மையே. ஆனால் கழுவாய் ஒருவர் போனதை விளக்கும். போன இடத்தில் அவர் இதைக் கேட்டார், வேறொன்றைக் கேட்கவில்லை என்பதை விளக்காது.

மூன்றாவது மறுப்பை ஓரளவு ஏற்கத்தான் வேண்டும். நம்பிக்கை இந்த அரசியலைக் கட்டாயமாக்கியது என்றால், அதே நம்பிக்கை உள்ளவர்கள் எல்லோரும் அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சபையின் தலைமைக் குழுவில் இருந்த ரூபன் கிளார்க், அதே மறைநூல்களை வைத்துக்கொண்டு சியோனிச இயக்கத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். அமெரிக்க வேளாண் அமைச்சராகவும் இருந்த அப்போஸ்தலர் எஸ்ரா டாஃப்ட் பென்சனுக்கோ இஸ்ரேல் தீர்க்கதரிசனத்தின் நிறைவேற்றம். ஆகவே நம்பிக்கை கட்டளையிடுவதில்லை; சாத்தியங்களைத் திறந்துவைக்கிறது. எதற்குள் நுழைவது என்பதை அவரவர் பட்ட பாடு தீர்மானிக்கிறது. கிளார்க் அரசின் உயர்பதவிகளில் வளர்ந்த வழக்கறிஞர். ஹைட் துரத்தப்பட்டவர்களில் ஒருவர். துரத்துவதற்குக் கைகொடுத்தவர்களிலும் ஒருவர்.

* * *

ஆனால் ஹைடின் மனுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1841 மார்ச்சில் நாவூ நகர்மன்றம் மதச் சுதந்திரச் சட்டம் ஒன்றை இயற்றியது. கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள் என்று நீளும் அந்தப் பட்டியலில் முகமதியர் என்று பெயர் சொல்லியே சம உரிமை கொடுத்திருந்தார்கள். நாவூவில் ஒரு முஸ்லிம்கூட இருந்ததாகத் தெரியாதபோது அவர்களுக்கு உரிமை எழுதிவைத்த சபை அது. அதன் அப்போஸ்தலர் அதே ஆண்டு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமாக அரபு மக்கள் உழுது விதைத்துக்கொண்டிருந்த நாட்டில் மலையேறி நின்று, நிலத்தை அதன் உண்மையான வாரிசுகளுக்குக் கொடும் என்று கேட்கிறார். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு அந்த ஜெபத்தில், நகரத்தை மிதித்த ‘புறஜாதியார்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு இடமில்லை. வந்தேறிகள் என்று சொல்லித் துரத்தப்பட்டவர்களுக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஹைட் 1842 டிசம்பரில் நாவூ திரும்பினார். ஜெருசலேமை அவர் மறுபடி பார்க்கவில்லை. அவர் விட்டுவந்தது கல்லும் தாளும் மட்டுமே, அவற்றால் எவருடைய வயலுக்கும் கேடில்லை. ஆனால் 1841 பிப்ரவரியில் அவரோடு இங்கிலாந்துவரை கப்பலில் போன ஓர் இளம் போதகர் உண்டு: மேடை நடிகராக இருந்து சபைக்கு வந்த ஜார்ஜ் ஆடம்ஸ். பின்னாளில் சபையிலிருந்து விலக்கப்பட்டுத் தனிச் சபை கண்டவர். யூதர்கள் திரும்பிவருவதற்கு நிலத்தைப் பண்படுத்தி வைக்கிறேன் என்று சொல்லி, 1866 செப்டம்பரில் ‘நெல்லி சாப்பின்’ என்ற கப்பலில் மெய்ன் மாநிலத்துக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு யாஃபா கரையில் இறங்கினார். கப்பலில் வெட்டித் தயாராக வைத்த மரவீடுகள், ஏர், விதை எல்லாம் இருந்தன. ஒன்றைத் தவிர. அந்த வீடுகளை நிறுத்துவதற்கான நிலத்தை யாரிடமிருந்து, எந்த உரிமையில் வாங்கப்போகிறார்கள்?

(தொடரும்)